பச்சைச் சுவருக்கு ஒரு மார்க்

ஐந்து வருடங்களாகப் பச்சை சாருடைய பாடங்களையெல்லாம் படித்தது அவருடைய மனைவிதான்.

ஊருக்கு வீடு வரைந்து கொடுக்கிற ஆர்க்கிடெக்டுகளும் வருடா வருடம் எதையாவது புதிதாகப் படித்தே தீர வேண்டும், பதினாறு மணி நேரப் படிப்புக்குச் சான்றிதழ் காட்டினால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று அவர்களுடைய மன்றம் ஒரு விதி வைத்திருந்தது. நல்ல விதிதான், குறை சொல்வதற்கில்லை. எல்லாம் வீடியோ பாடங்கள். மண்ணை அழுத்திக் கல் செய்வது, சுண்ணாம்புப் பூச்சு, மூங்கில், இடித்த கட்டிடத்துச் செங்கல்லை மறுபடியும் பயன்படுத்துவது, ஏசி இல்லாமலே அறையைக் குளுமையாக வைப்பது என்று பூமிக்கு நோகாமல் கட்டுகிற வித்தைகள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோ நின்று, 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'ஆம்' என்பதை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் பாடம் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

பச்சை சாருக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. அவருடைய விசிட்டிங் கார்டில் ஒரு இலை இருக்கும். மேடையில் பேசினால் பூமி, காற்று, வருங்காலச் சந்ததி என்று குரல் தழுதழுக்கும். அதனால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். அவரும் அதை விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். இப்படிப்பட்டவருக்கே பாடமா என்பது அவர் கேள்வி. மடிக்கணினியைக் கொண்டுபோய் மனைவியின் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த அம்மாள் காலால் மெஷினை மிதித்துக்கொண்டே கையை நீட்டி 'ஆம்' என்று அமுக்குவார். காதில் விழுந்துகொண்டே இருந்தால் யாருக்கும் ஆர்வம் வரத்தானே செய்யும்? இரண்டாவது வருடம் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். மூன்றாவது வருடத்திலிருந்து பாடத்தின் முடிவில் வரும் கேள்விகளுக்கும் அவரே விடை போட்டார். சான்றிதழ்கள் பச்சை சார் பெயரில் வந்து, ஆபீஸ் சுவரில் வரிசையாக ஏறின.

இந்த வருடம் மன்றம் முழித்துக்கொண்டது. நேரில் வர வேண்டும், இரண்டு நாள் வகுப்பு, கையால் பூச்சு வேலை, கடைசியில் இருபது கேள்விக்குப் பரீட்சை, பதினான்கு வாங்கினால் தேர்ச்சி என்று கடிதம் வந்தது.

"நோட்டை எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடியே. "சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைக்கணும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ரெண்டு நாள்?"

"நாசமாப் போச்சு. கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன், பஸ்ல போறப்பப் படிங்க."

ஐம்பத்தாறு வயதில், முடியெல்லாம் நரைத்த பிறகு, மனைவியின் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போனார் பச்சை சார். அவருக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்பு அன்று காலை பதினோரு மணி வரைக்கும் தாங்கியது.

பயிற்சிக் கூடம் ஒரு பழைய கிடங்கு. உயரமான கூரை, முன்னால் வெள்ளைத் திரை, முப்பது நாற்காலிகள். பின்பக்கம் சிமெண்டுத் தரையில் நெஞ்சுயரத்துக்குப் முப்பது குட்டிச் சுவர்கள் கட்டி விட்டிருந்தார்கள், மறுநாள் எல்லாரும் பூசிப் பழக. அங்கே ஒருவர் முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டியில் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். பச்சை சார் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. முன்வரிசையில் நான்கு பேர் எழுந்து வணக்கம் சொன்னதில் அவருக்கு அதற்கு நேரமில்லை.

வகுப்பெடுத்த மேடம் நாற்பது வயதுக்காரர். சுறுசுறுப்பு. எதையும் படம் போட்டுக் காட்டி, கேள்வி கேட்டு, பதிலை வாயிலிருந்து பிடுங்குகிற ரகம். முதல் இரண்டு மணி நேரம் பச்சை சார் தலையை ஆட்டியே ஓட்டிவிட்டார்.

"இப்போ தோத்துப்போன கட்டிடங்களைப் பார்ப்போம்," என்றார் மேடம். "ஜெயிச்சதுலேர்ந்து கத்துக்கறது கொஞ்சம்தான். யாரோடதுன்னு எனக்கே தெரியாது, யார் மனசும் நோக வேண்டாம்னு பேரையெல்லாம் அடிச்சுட்டுத்தான் மன்றம் கொடுத்திருக்கு."

திரையில் ஒரு பச்சைச் சுவர் விழுந்தது.

இளம் பச்சை. சுவர் முழுக்கக் கொப்புளம். ஒரு மூலையில் பெயிண்டு தோலாக உரிந்து தொங்க, அதற்குப் பின்னால் மண் கூழாகி வழிந்திருந்தது. கீழே சிறு பிள்ளைகள் படுக்கும் பாய்கள், அதன் மேல் ஒரு வண்டி மண். அந்தச் சுவரை உலகத்தில் யாரும் பச்சை சாருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. அவர் வரைந்தது அது.

நான்கு வருடங்களுக்கு முன்னால் கட்டிய மழலையர் பள்ளி. அழுத்திய மண் கல்லில் சுவர், அதன் மேல் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்த மண் பூச்சு. மேஸ்திரி அருமையாகப் பூசியிருந்தார், கையை வைத்தால் வழுக்கும். ஆனால் திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து பார்த்த பச்சை சாருக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. காய்ந்த சகதி மாதிரி இருக்கிறதே, பத்திரிகைக்காரர்கள் வேறு படம் எடுக்க வருகிறார்களே என்று தோன்றியது. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது என்று விளம்பரம் செய்கிற ரப்பர் மாதிரியான கெட்டிப் பெயிண்டை, அதுவும் இலைப் பச்சையில், இரண்டு கை அடிக்கச் சொல்லிவிட்டார். வீட்டில் சாப்பிடும்போது அதைப் பெருமையாகச் சொன்னார். மனைவி, "மண் சுவருக்கு அப்படி அடிக்கக் கூடாதுன்னு வீடியோவுல வந்துச்சே," என்றார். "நீ துணியைத் தை, நான் சுவரைப் பார்த்துக்கறேன்," என்று அவர் சொன்னதும், அதற்கு அவரே சிரித்ததும், இப்போது ஞாபகத்துக்கு வந்தன.

படம் நன்றாகத்தான் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் கொப்புளமும் வந்தது. தரையிலிருந்து ஏறின ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெயிண்டுக்குப் பின்னால் தங்கி, மண்ணை ஊற வைத்து, ஒரு விடுமுறை நாளில் சுவரின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. விடுமுறையாக இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். பள்ளி நிர்வாகம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அன்றைக்குத்தான் பச்சை சார் மனைவிக்குத் தெரியாமல் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். 'மண் சுவர் மூச்சு விட வேண்டும். ரப்பர் பெயிண்ட் அடித்தால் உள்ளே அழுகும்' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு, விளக்கம் எழுதினார்: 'பூச்சு மாதிரிகள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. கலவையில் சிமெண்ட் குறைவாகச் சேர்க்கப்பட்டிருப்பது தெரியவந்தது. இது மேஸ்திரியின் கவனக்குறைவு.'

எந்த மாதிரியும் எந்த ஆய்வுக்கும் போகவில்லை. பூசி மெழுகுவதற்கு மேஸ்திரிதான் வேண்டும் என்றில்லை, ஆர்க்கிடெக்டுக்கும் அது நன்றாகவே வரும்.

"காரணம் என்ன? யாராவது?" என்று கேட்டார் மேடம். அவரே தொடர்ந்தார்: "கட்டிட நிபுணரோட அறிக்கை என்கிட்ட இருக்கு. லேப்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்காங்க. பூச்சுல சேர்க்க வேண்டிய சிமெண்டைச் சேர்க்கல. மேஸ்திரியோட தப்பு. நல்ல பொருளைக் கையாளத் தெரியாத கையில கொடுத்தா இதான் கதி. எழுதிக்கோங்க."

முப்பது பேனாக்கள் குனிந்தன. தான் சொன்ன பொய் பாடமாகி, படம் போட்டு, பிறர் கையால் எழுதப்படுவதை உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"மிச்சச் சிமெண்டுல மேஸ்திரி அவர் வீட்டுக்கு மாடி கட்டியிருப்பார் மேடம்!" என்று நடு வரிசையிலிருந்து கண்ணாடிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். கூடம் கொல்லென்று சிரித்தது.

பச்சை சாரும் சிரித்தார். சிரிக்க வேண்டும் என்று நினைத்துச் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் யாராவது கவனித்துவிடுவார்களோ என்று உடம்பு தானாகச் செய்தது. பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சிரித்தார். திரும்பிய அந்தக் கோணத்தில்தான், பின்னால் தொட்டியருகில் இருந்தவர் தலையை நிமிர்த்தியது தெரிந்தது.

அதே மேஸ்திரி.

முகத்தில் ஈயாடவில்லை பச்சை சாருக்கு. அப்புறம் மேடம் என்ன சொன்னார், எந்தப் படம் வந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

தேநீர் இடைவேளையில் அவர் வெளிவாசலுக்கு நழுவப் பார்த்தார். நடக்கவில்லை. மேஸ்திரி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நேராக வந்துவிட்டார். இளைத்திருந்தார்.

"சார், நல்லா இருக்கீங்களா? அம்மா சௌக்கியமா? அந்தத் தையல் ரூம்ல மேடை கட்டிக் கொடுத்தேனே, விரிசல் ஏதும் விடலையே?"

"இல்ல மேஸ்திரி. அப்படியே இருக்கு." வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "நீங்க இங்க எப்படி?" என்றார்.

"அந்தச் சுவருக்கப்புறம் சைட்டுல யாரும் கூப்பிடல சார். உங்க லெட்டரை நாலஞ்சு பேர் பார்த்துட்டாங்க போல. ஒன்றரை வருஷம் மூட்டை தூக்கினேன். இங்க சுண்ணாம்பு கலக்க ஆள் வேணும்னாங்க, வந்துட்டேன். இது எட்டாவது பேட்ச்."

"அப்போ அந்தப் படம்..."

"ஒவ்வொரு பேட்சுக்கும் போடுவாங்க. பழகிடுச்சு சார்." மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "ஒரு உதவி. அது நான்தான்னு மேடத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த வேலையும் போயிடும். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

பச்சை சாருக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், அப்பாடா என்றிருந்தது. "சே சே, நான் ஏன் சொல்றேன்," என்றார் அவசரமாக.

மேஸ்திரி தலையாட்டிவிட்டுப் போகாமல் நின்றார். "ஒண்ணு மட்டும் கேட்கணும் சார், ரொம்ப நாளா. நான் அளந்துதான் போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம். பெயிண்டா இருக்குமோன்னுகூட ஒரு நினைப்பு வரும். ஆனா நீங்க டெஸ்ட் பண்ணிப் பார்த்துத்தானே எழுதினீங்க. டெஸ்ட் மிஷினு பொய் சொல்லாதில்ல. அப்போ எங்கேயோ என் கைதான் தப்பிடுச்சு. எங்கேன்னுதான் புரியல. முன்னெல்லாம் கை அள்ளினா அளவு சரியா இருக்கும் சார். இப்போ டப்பாவுல கோடு போட்டு, எதையும் ரெண்டு தடவை அளக்காமப் போடறதில்ல."

இடுப்பிலிருந்து தொங்கிய தகர டப்பாவைக் காட்டினார். உள்ளே ஆணியால் கீறிய கோடுகள் வரிசையாக இருந்தன.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை போதும். பச்சை சார் தேநீரை ஒரே மடக்கில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, "நேரமாச்சு, உள்ள போலாம்," என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "என்ன, மானத்தைக் காப்பாத்தினீங்களா?"

"நம்ம மேஸ்திரி அங்க இருக்கார்."

"அட! எப்படி இருக்கார்? திடீர்னு வர்றதையே நிறுத்திட்டாரே, நான்கூடக் கேட்டேன், நீங்க ஏதோ சொல்லி மழுப்பினீங்க."

"அந்த மழலையர் பள்ளிச் சுவரைப் படமாப் போட்டாங்க."

"நல்லா வேணும் உங்களுக்கு. பெயிண்டைப் பத்திக் கிழிச்சிருப்பாங்களே?"

அவர் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். "மேஸ்திரி கலவையில தப்புன்னு சொன்னாங்க."

மெஷின் நின்றது. "யார் சொன்னது அப்படி?"

"அறிக்கையில இருக்கு."

"யார் எழுதின அறிக்கை?"

முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவரிடம் எதைச் சொல்லித் தப்பிப்பது? ஒவ்வொன்றாக வந்தது. அறிக்கை, ஆய்வு, மூட்டை தூக்கியது, டப்பா. சிரித்ததை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எழுதறப்போ உங்களுக்குத் தெரியுமா, பெயிண்டுதான் காரணம்னு?"

"தெரியும்."

"எப்படி?"

"உன் நோட்டைப் பார்த்தேன்."

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தார் பச்சை சார். கத்தியிருந்தால் தேவலை. "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கேட்கும்," என்றார் அவர் மெதுவாக. "உங்க பேர்ல ஆம், ஆம்னு அமுக்கிக்கிட்டே இருந்தேன். அந்தச் சர்ட்டிபிகேட்டைக் காட்டித்தானே அந்தப் பள்ளிக்கூட வேலையை வாங்கினீங்க? எனக்கும் பங்கு இருக்கு இதுல. நான் துணியை மட்டும் தைச்சிருக்கணும்."

"அவரே சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்..."

"அவர் பயந்து கேட்டார். நீங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டீங்க."

அந்த அம்மாள் மெஷினை மூடிவிட்டு எழுந்தார். சாப்பாடு போட்டார், தண்ணீர் வைத்தார், எல்லாம் வழக்கம்போல. பேச்சு மட்டும் இல்லை.

மறுநாள் காலை முழுக்கப் பூச்சு வேலை. ஆளுக்கொரு குட்டிச் சுவர், ஒரு கரண்டி, ஒரு தட்டு. படம் மட்டுமே வரைந்து பழகிய கைகள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. சுவரில் ஒட்டியதைவிடச் சட்டையில் ஒட்டியது அதிகம். மேஸ்திரி ஒவ்வொருவராகப் போய்த் திருத்தினார். ஒவ்வொரு தொட்டிக் கலவைக்கும் டப்பாவில் அளந்தார், கொட்டினார், சந்தேகம் வந்து மறுபடி அள்ளி அளந்தார். கண்ணாடிக்காரருக்குப் பொறுமை போய், "என்ன மேஸ்திரி, மருந்தா கொடுக்கறீங்க? அள்ளிப் போடுங்க!" என்றார். மேஸ்திரி சிரித்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

பச்சை சாரிடம் வந்தபோது அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, "அழுத்தாதீங்க சார், இழுங்க. சுவர் தானா வாங்கிக்கும்," என்றார். அந்தக் கை சொரசொரப்பாகவும் சூடாகவும் இருந்தது. பச்சை சாருக்குத் தன் கையை வெடுக்கென்று உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உருவவில்லை. பூச்சு மூன்று முறை விழுந்தது, மூன்று முறையும் மேஸ்திரியே அள்ளிக் கொடுத்தார்.

மூன்று மணிக்குப் பரீட்சை. பதினேழாவது கேள்வியில் அந்தப் பச்சைச் சுவர் சின்னப் படமாக அச்சாகியிருந்தது. 'இச்சுவர் பழுதானதற்குக் காரணம் என்ன?' கீழே நான்கு விடைகள். முதலாவது, அஸ்திவாரம் சரியில்லை. இரண்டாவது, மேஸ்திரி கலவையில் சிமெண்டைக் குறைத்தது. மூன்றாவது, ஈரம் வெளியேற விடாத பெயிண்ட். நான்காவது, தரமில்லாத மண்.

எது உண்மை என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எதற்கு மார்க் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பச்சை சார் பேனாவை இரண்டாவதில் வைத்தார். எடுத்தார். மூன்றாவதில் ஒரு டிக் போட்டார், சின்னதாக, யாரும் பார்த்துவிடக் கூடாதது மாதிரி. போட்டதும் நெஞ்சு லேசானது. பார்த்தாயா, உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மனைவியிடம் காட்டிக்கொள்ள அது போதும் என்று ஒரு கணம் நினைத்தார். ஒரு டிக்கால் ஆளைக் கரையேற்றிவிடலாம் என்று நினைக்கிற ஆசை மனிதனுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

மேடம் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். தாள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து வந்தவர், பச்சை சாரின் தாளில் நின்றார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. பதிமூணு."

கூடத்தில் ஒரு சலசலப்பு. விசிட்டிங் கார்டில் இலை போட்டவர் பசுமைப் பாடத்தில் தோற்றால் சலசலக்கத்தானே செய்யும்.

"ஒரே ஒரு மார்க்," மேடத்துக்கே சங்கடமாக இருந்தது. "பதினேழுல நேத்து நான் சொன்ன விடையையே எல்லாரும் போட்டிருக்காங்க. நீங்க மட்டும் பெயிண்ட்னு போட்டிருக்கீங்க. கவனிக்காமப் போட்டிருப்பீங்க."

"கவனிச்சுத்தான் போட்டேன்." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. எழுந்து நின்றார். "அதான் மேடம் சரி."

"சீனியர் ஒரு மார்க்குக்குச் சண்டை போடறார்டா!" என்று கண்ணாடிக்காரர் கிசுகிசுத்தது எல்லாருக்கும் கேட்டது. நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

காது மடல் எரிந்தது பச்சை சாருக்கு. இப்போது உட்கார்ந்துவிட்டால் வெறும் தோல்வி. அடுத்த மாதம் மறுபடி எழுதிக்கொள்ளலாம். பேசினால், மார்க்குக்காகப் பேசினது போலத்தான் இருக்கும். நல்லதுக்கென்று ஒரு வார்த்தை சொல்வதற்குக்கூட நல்ல நேரம் என்று ஒன்று இருந்தது, அது நேற்றுத் தேநீரோடு போய்விட்டது.

"மண் சுவர் மூச்சு விடணும் மேடம். ரப்பர் மாதிரிப் பெயிண்டை அடிச்சா ஈரம் உள்ளேயே தங்கிடும். கொப்புளம் வந்திருக்கு பாருங்க படத்துல. கலவை சரியில்லைன்னா பூச்சு உதிருமே தவிர, கொப்புளம் வராது." அத்தனையும் மனைவியின் நோட்டில் இருந்த வார்த்தைகள்.

மேடம் படத்தை மறுபடி திரையில் போட்டு உற்றுப் பார்த்தார். "நல்ல கவனிப்பு சார். இது எனக்குத் தோணவே இல்ல. அனுபவம்னா இதான்." யாரோ கைகூடத் தட்டினார்கள். "ஆனா அறிக்கை இருக்கே? லேப்ல டெஸ்ட் பண்ணியிருக்காங்களே?"

கைதட்டலோடு உட்கார்ந்திருக்கலாம். தன் தவற்றைத் தானே கண்டுபிடித்து, அதற்குப் பாராட்டும் வாங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். கால்கள் மடங்கக்கூடப் பார்த்தன. பின்னால் தகர டப்பா தொட்டி விளிம்பில் தட்டுகிற சத்தம் கேட்டது: டக், டக். அரைகுறையாக நின்ற சுவர்களை முடிக்க, மீதிக் கலவைக்கு மேஸ்திரி சுண்ணாம்பு அளந்துகொண்டிருந்தார்.

"டெஸ்ட் பண்ணல," என்றார் பச்சை சார்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அந்த அறிக்கையை எழுதினது நான். சுவரும் என்னோடது, பெயிண்டும் என்னோடது. எந்த லேபுக்கும் எதுவும் போகல. அந்த மேஸ்திரி கலவையில ஒரு தப்பும் கிடையாது. தெரிஞ்சேதான் எழுதினேன்."

டக் டக் சத்தம் நின்றது.

"டெஸ்ட் பண்ணலையா சார்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி எழுந்து நின்றிருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை.

"பண்ணல மேஸ்திரி."

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று மேடம் மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த மேஸ்திரி நான்தான் மேடம்," என்றார் அவர். அதைச் சொல்ல அவருக்கு இப்போது பயமில்லை.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எட்டு பேட்ச் ஆர்க்கிடெக்டுகளுக்குத் தான் என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று அவர் மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும், வாய் முணுமுணுத்தது. அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தார். பச்சை சாரின் தாளை எடுத்து, பதிமூன்றை அடித்துப் பதினான்கு என்று சிவப்பில் எழுதினார்.

"விடை சரிதான். பாஸ் ஆயிட்டீங்க," என்றார், முகத்தைப் பார்க்காமல். "இதை நான் மன்றத்துக்கு எழுதித்தான் ஆகணும் சார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும்."

"எழுதுங்க மேடம்."

இத்தனை வருடப் பாடங்களில் அவர் தானே படித்துத் தானே வாங்கின மார்க் அது ஒன்றுதான். அந்தத் தாளைத் தொடவே கை கூசியது. நாலாக மடித்து நோட்டுக்குள் சொருகினார். கூட்டம் அவரை ஒதுக்கிவிட்டுக் கலைந்தது. முதல் நாள் காலையில் வணக்கம் சொன்ன நான்கு பேரும் வேறு வாசலால் போனார்கள்.

அவர் கூனிக் குறுகிப் பின்பக்கம் போனார். மேஸ்திரி மீதிக் கலவையைக் கிளறிக்கொண்டிருந்தார். டப்பா தரையில் கவிழ்ந்து கிடந்தது. அவர் சுண்ணாம்பைக் கையாலேயே அள்ளினார், கொஞ்சம் பார்த்தார், தொட்டியில் போட்டார். இரண்டாவது தடவை அள்ளவில்லை.

"மேஸ்திரி, என்னை மன்னிச்சிடுங்க. அந்த லெட்டரை நான் எழுதியிருக்கக் கூடாது."

மேஸ்திரி கலவையை இன்னொரு சுற்றுக் கிளறினார்.

"அதை விடுங்க சார். அன்னிக்கு உங்களுக்கும் பயம் இருந்திருக்கும். தொழில் போயிடுமேன்னு எழுதிட்டீங்க. அது எனக்குப் புரியுது." கரண்டியைத் தொட்டி விளிம்பில் வழித்தார். "நேத்து சிரிச்சீங்களே சார். அவங்களுக்கெல்லாம் தெரியாது, சிரிச்சாங்க. உங்களுக்குத் தெரியுமே."

பச்சை சார் அங்கேயே நின்றார். மேஸ்திரி தொட்டியைத் தூக்கிக்கொண்டு, பச்சை சார் காலையில் மூன்று முறை விழவிட்ட குட்டிச் சுவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அதை முதலிலிருந்து பூச ஆரம்பித்தார்.